நாலு மணிக் கையெழுத்து

வெயிலில் காய்ந்த படிகள் உள்ளங்காலைப் பொசுக்கின. ஜீவிதா அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. திருநீர்மலை உச்சியிலிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிக்கொண்டிருந்தாள். எதிரே மூச்சு வாங்க ஏறி வந்த இரண்டு பெண்கள் பூத்தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள்.

“வெள்ளை முடி, உயரமா ஒருத்தர். வடக்கத்திக்காரர். தோள்ல பச்சை சால்வை. பாத்தீங்களா?”

“இல்லியேம்மா.”

ரங்கநாதர் சந்நிதியில் அவர் இல்லை. பிராகாரத்தில் இல்லை. பிரசாதக் கடையில், தண்ணீர்க் குழாயடியில், ஆட்கள் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பாறையோரத்தில், எங்கேயும் இல்லை. பத்துப் பேர் புடைசூழ மலையேறிய மனிதர், தீபாராதனைக்குக் கண்ணை மூடித் திறப்பதற்குள் காணாமல் போயிருந்தார்.

அடிவாரத்தில் செருப்பு வைக்கும் கடைக்கு ஓடினாள். அவர் ஷூ அங்கே இல்லையென்றால் போட்டுக்கொண்டு எங்கோ நடந்து போயிருக்கிறார் என்று அர்த்தம். அவளுக்கு அந்த நிம்மதி மட்டும் போதும்.

“அந்தப் பெரியவரு ஷூ இதோ கீதும்மா,” என்றார் கடைக்காரர். “இன்னும் எடுக்கல.”

பளபளவென்று புது ஷூ. அதற்குள் மடித்துச் செருகிய சாக்ஸ்.

ஜீவிதா நிமிர்ந்து பார்த்தாள். எதிரே கோயில் குளம். படியில் உட்கார்ந்து ஒரு பெண் பொரியை அள்ளி வீச, மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு முண்டின. அதைத் தவிரப் பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

இதே மாதிரி ஒரு ஜோடிச் செருப்பை அவள் முன்பு பார்த்திருக்கிறாள். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில். அது ஜெபகுமாருடையது, அவள் கணவன் ஆபேலுடன் ஒரே லைனில் வேலை பார்த்தவன். ஃபேன் கம்பெனியை மூடிக்கொண்டு முதலாளி வேறு மாநிலத்துக்குப் போன பிறகு, ஜெபகுமார் ஒருநாள் செருப்பைக் கரையில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு ஏரிக்குள் போனான்.

போன் அதிர்ந்தது. ஷ்யாம்சுந்தர்.

“கிடைச்சாரா?”

“இன்னும் இல்ல சார்.”

“ஜீவிதா, என்கிட்ட இல்லன்னு சொல்லாத.” தாம்பரத்து ஹோட்டலில், பூ அலங்கார மேடைக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறார் போலிருக்கிறது. பின்னால் மைக் டெஸ்டிங் சத்தம். “நாலு மணிக்கு சைனிங். சென்னைலேர்ந்து செக்ரட்டரி கிளம்பியாச்சு. டிவிக்காரங்க வந்து உக்காந்தாச்சு. கம்பெனி ஆள் நிகில் என்ன சொன்னார் தெரியுமா? அந்தப் பெரியவர் கையெழுத்து போடாம ஒரு செங்கல் கூட உங்க ஊருக்கு வராதுங்கறார்.”

“குளத்துல பாக்கச் சொல்லவா சார்?”

“என்ன பேசறே நீ?”

“ஷூ இங்கேயே இருக்கு சார்.”

ஷ்யாம்சுந்தர் குரலைத் தாழ்த்தினார். “போலீஸுக்கு நான் சொல்றேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காத. பக்கத்து மாநிலத்து ஆளுங்க காதுல விழுந்துதுன்னா அவ்வளவுதான். போன தடவை ஹோட்டல் லாபில உக்காந்திருந்த பார்ட்டியையே அள்ளிக்கிட்டுப் போனானுங்க.”

தென் புறநகரில் தொழிற்சாலைகளைக் கொண்டுவருவதற்காக ஏற்படுத்தப்பட்ட ஒரு சின்ன மையத்தின் தலைவர் ஷ்யாம்சுந்தர். ஜீவிதா அங்கே ஒப்பந்த ஊழியர். கம்பெனிக்காரர்களை விமான நிலையத்தில் வரவேற்பது, நிலம் காட்டுவது, கேட்கும் முன்பே பதில் சொல்வது, திருப்பி அனுப்பும்வரை சிரித்துக்கொண்டே இருப்பது, எல்லாம் அவள் பொறுப்பு. வேலை வாங்கித் தருகிற ஆபீசில் இருக்கிறாள். வீட்டில் கணவனுக்கு வேலை இல்லை. ஆபேல் பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். ராத்திரியில் தூங்குவதில்லை. கண்ணைத் திறந்துகொண்டு மின்விசிறியையே பார்த்தபடி படுத்திருப்பான். ஏரிப் பக்கம் போகிற தெருவில் அவன் பைக் திரும்பினாலே ஜீவிதாவுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

தேவ்கிரண் கூலிங் என்ற இந்த வடநாட்டு கம்பெனி, ஒரகடம் பக்கம் ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் தொழிற்சாலை போட வருகிறது. வந்தால் முதல் பேட்ச்சிலேயே ஆபேலைச் சேர்த்துவிடுவதாக ஷ்யாம்சுந்தர் வாக்குக் கொடுத்திருந்தார். வராவிட்டால் என்ன ஆகும் என்று அவள் யோசிப்பதே இல்லை. யோசிக்க பயம்.

நேற்று விமான நிலையத்தில் ஐந்து பேர் வெளியே வந்தார்கள். நாலு பேர் கோட்டு சூட்டு, காதில் போன். ஐந்தாமவர் மட்டும் வெள்ளை முடியும் நிமிர்ந்த முதுகுமாகப் பேசாமல் நின்றார். ஷ்யாம்சுந்தருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வயசில் மூத்தவர் யாரோ அவர்தானே பெரியவர்? முதல் மாலை அவருக்கு. முதல் சால்வை அவருக்கு. முன் காரில் முதல் ஸீட். இங்கிலீஷ் தெரியாததால் அவர் யாரோடும் பேசவில்லை. முதலாளிகள் அப்படித்தான், அளந்துதான் பேசுவார்கள் என்று ஆபீசே மெச்சிக்கொண்டது. நிகில் என்ற இளைஞர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் லேசாகச் சிரித்தார். அவ்வளவுதான்.

இப்போது அந்த மனிதரைக் காணோம்.

மறுபடி போன். தெரியாத நம்பர்.

“ஜீவிதா மேடமா?” கரகரத்த ஆண்குரல். “திருநீர்மலைல ஒரு பெரியவரைத் தொலைச்சிட்டு தேடிகினு கீறீங்களா?”

அவள் கால் நின்றது. “ஆமா. நீங்க யாரு?”

“அது இன்னாத்துக்கு இப்ப? அவரு எங்கிட்ட கீறாரு.”

“அவருக்கு ஏதாவது…”

“ஒண்ணும் ஆவல. படப்பைக்கு முன்னால மூடிக் கெடக்குதே ஃபேன் கம்பெனி, அந்தக் கேட்டாண்ட வாங்க. நீங்க மட்டும் வாங்க மேடம். போலீஸ் கீலீஸ் கூட்டிகினு வந்தீங்கன்னா பேஜாராயிடும்.”

“ஹலோ? அவர்கிட்ட போனைக் குடுங்க. ஹலோ?”

கட். திருப்பி அடித்தால், ஸ்விட்ச்டு ஆஃப்.

ஜீவிதா ஆபீஸ் காரை நோக்கி ஓடினாள். ஃபேன் கம்பெனி. ஆபேலின் கம்பெனி. மாதக்கணக்கில் மனித நடமாட்டம் இல்லாத மதில், உள்ளே ஆளுயரப் புதர். ஒரு மனிதரை மறைத்து வைக்க வேண்டுமானால் அதைவிடத் தோதான இடம் இந்தப் பக்கத்தில் கிடையாது.

*

“நேரா உடறேன் மேடம்,” என்றான் டிரைவர் துரை. விஷயத்தைக் கேட்டதிலிருந்து அவன் குரலில் ஒரு பரபரப்பு. “ஒரு சந்தேகம். கடத்தினவன்னா துட்டுதானே கேப்பான்? இவன் ஏன் கேக்கல?”

“ரோட்டைப் பாத்து ஓட்டு துரை.”

“துட்டு கேக்காதவன்தான் மேடம் டேஞ்சர்.”

கடப்பேரி தாண்டி, தாம்பரம் மேற்கில் நெரிசலில் மாட்டி, முடிச்சூர் சாலையில் திரும்பினார்கள். ஷ்யாம்சுந்தர் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார். அவள் எடுக்கவில்லை. எடுத்தால் போலீஸை அங்கே அனுப்பிவிடுவார். போலீஸ் வந்தால் அந்தக் கரகரத்த குரல் என்ன செய்யும்? எடுக்காமல் விட்டு, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கையில் போன் ஒரு உயிருள்ள ஜந்து மாதிரி துடித்துக்கொண்டே இருந்தது.

இன்னொரு பயமும் அடியில் ஊறிக்கொண்டிருந்தது. நேற்று கார்கள் போக வேண்டிய வழியை வரைந்தது அவள்தான். ஃபேன் கம்பெனி இருக்கும் அந்த ரோடே வரக்கூடாது என்று சுற்றுவழியாக வரைந்தாள். துருப்பிடித்த கேட்டையும் அதில் தொங்கும் பூட்டையும் பார்த்தால் எந்த முதலாளிக்குத்தான் இங்கே பணம் போட மனசு வரும்? இந்த ஊரில் ஏன் கம்பெனி நிலைக்கவில்லை என்று கேட்டால் யார் பதில் சொல்வது? பார்க்கக்கூடாது என்று எதை மறைத்தாளோ, அதன் வாசலிலேயே அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறான் எவனோ.

பக்கத்து மாநிலத்தின் ஆளாகத்தான் இருக்க வேண்டும். இதைக் காட்டத்தான் தூக்கியிருக்கிறார்கள்.

மண்ணிவாக்கம் கடந்தது. மதில் தெரிந்தது. பெயர்ப் பலகையில் பாதி எழுத்து உதிர்ந்திருந்தது.

“இங்கேயே நிறுத்து. நான் பத்து நிமிஷத்துல வரலைன்னா சாருக்கு போன் பண்ணு.”

“பத்து நிமிஷம் ஜாஸ்தி மேடம்,” என்றான் துரை. இந்தத் தடவை அவன் விளையாடவில்லை.

மதிலோரமாக நடந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டோ நின்றது. ஆள் இல்லை. பின் ஸீட்டில் பச்சை சால்வை மட்டும் சுருண்டு கிடந்தது.

“சார்?” என்றாள். மறுபடி கூப்பிட்டாள். புதருக்குள் எதுவோ சரசரத்து அடங்கியது.

“இந்தாண்ட மேடம்.”

திடுக்கிட்டுத் திரும்பினாள். சாலைக்கு அந்தப்புறம், புளிய மரத்தடியில் ஒரு தள்ளுவண்டி டீக்கடை. பெஞ்சில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். முழுசாக. உயிரோடு. இரண்டு கால்களும் ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில். பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் குந்தியிருந்தான்.

ஜீவிதா அப்படியே மதிலைப் பிடித்துக்கொண்டாள். சாலையைக் கடந்தாள். பிறகு கோபம் வந்தது.

“யாருய்யா நீ? அவரை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தே?”

“கோச்சிக்காதக்கா. என் பேரு உமர். பம்மல்ல ஆட்டோ ஓட்டறேன்.” அவன் எழுந்தான். முகத்தைப் பார்த்தால் எறும்பை மிதிக்கக்கூட யோசிப்பவன் போலிருந்தான். “அவருதான் ஏறினாரு, மூடின கம்பெனி எதுனா காட்டுன்னாரு. புது ஷூ கடிச்சு காலெல்லாம் கொப்புளம், பாரு. பாக்கெட்ல உன் கார்டு இருந்துது, அத்த வெச்சுதான் போன் பண்ணேன். சார்ஜ் பூட்ச்சு. போலீஸ் வேணாம்னு சொன்னது, வண்டிக்கு எஃப்.சி. முடிஞ்சு போய் கீதுக்கா. அதான்.”

ஜீவிதாவுக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. மணி பார்த்தாள். இப்போது கிளம்பினால் நாலு மணிக்குள் ஹோட்டலுக்குப் போய்விடலாம். ஷ்யாம்சுந்தருக்கு ‘கிடைத்துவிட்டார்’ என்று ஒரு வரி தட்டிவிட்டாள்.

“இவரு பேசறது உனக்குப் புரியுதா?”

“வூட்ல உருதுதானே. இவரு பேசறதும் நம்ம பேசறதும் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். புரியும்.”

“கிளம்பலாம்னு சொல்லு. எல்லாரும் காத்திருக்காங்கன்னு சொல்லு.”

உமர் சொன்னான். பெரியவர் நகரவில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாக ஏதோ கேட்டார்.

“வர்றேன், ஒரே ஒரு கேள்விங்கறாரு. இந்தக் கம்பெனில வேலை செஞ்சவங்க எல்லாம் இப்ப எங்க, இன்னா பண்றாங்கன்னு கேக்கறாரு. நானும் டீக்கடை அக்காவாண்ட கேட்டுப் பாத்தேன். அது வாயே தொறக்கல.”

ஜீவிதா அப்போதுதான் டீக்கடைக்காரியை முழுசாகப் பார்த்தாள்.

அபிகாயில். ஜெபகுமாரின் மனைவி.

இளைத்துப் போயிருந்தாள். காதில் கம்மல் இல்லை. வடிகட்டியைக் கையில் பிடித்தபடி ஜீவிதாவையே பார்த்தாள்.

“இவங்க புருஷன் இங்கதான் வேலை பாத்தாரு,” என்றாள் உமரிடம், கண்ணை ஜீவிதாவிடமிருந்து எடுக்காமல். “ஆபீசுல இருக்கறவங்க. அவங்களையே சொல்லச் சொல்லு.”

உமர் அதையும் பெரியவருக்குச் சொல்லிவிட்டான். அவர் சட்டென்று வாளியிலிருந்து காலை எடுத்து, ஜீவிதாவுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். சிவந்து வெடித்த பாதங்கள். அந்தக் கண்களில் இருந்தது என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை. கூர்மை, அவ்வளவுதான் தெரிந்தது. இன்டர்வியூ, என்று நினைத்துக்கொண்டாள். ஆளை எடை போடுகிறார். இந்த ஊர் வேலைக்காரர்கள் பிரச்சினை பண்ணுவார்களா, கம்பெனி மூடினால் கோர்ட்டுக்குப் போவார்களா என்று பார்க்கிறார். இங்கே ஒரு வார்த்தை பிசகினால் எல்லாம் போச்சு. தொழிற்சாலை போச்சு. ஆபேல் போச்சு.

ஆபேல் போச்சு என்று நினைத்ததும், விமான நிலையத்தில் பழகிய சிரிப்பு தானாக உதட்டில் வந்து உட்கார்ந்தது.

“எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு சொல்லு உமர்.”

உமர் சொன்னான்.

“செட்டில்மென்ட் நியாயமா குடுத்தாங்க. யாருக்கும் மனக்கசப்பு இல்ல. கையெழுத்து போட்டுட்டு சந்தோஷமாதான் போனாங்க. சிலர் கடை வெச்சிருக்காங்க. சிலருக்கு இதைவிட நல்ல கம்பெனில வேலை கிடைச்சுடுச்சு. என் வீட்டுக்காரரும்தான். முன்னைக்கு இப்ப நிம்மதியா இருக்கார். நல்லா தூங்கறார்.”

உமர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லச் சொல்ல, பெரியவரின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. காலையிலிருந்து யாரோ அவர் முதுகில் கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்ப்பது போல.

கடைசியாக ஒன்று கேட்டார். மெதுவாக, இரண்டே வார்த்தை.

“ஒருத்தர்கூட கெட்டுப் போகலியான்னு கேக்கறாரு.”

அடுப்பில் பால் பொங்கியது. அபிகாயில் அதை இறக்கவில்லை. வழிந்து தீயில் விழுந்து கருகிய வாசனை வந்தது. ஜீவிதா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது.

“ஒருத்தர்கூட இல்ல,” என்றாள்.

அபிகாயில் அடுப்பைத் தணித்து, வண்டியின் விளிம்பைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

“ஃபேக்டரி வருமில்ல?” என்றாள் தணிந்த குரலில். “வந்தா இந்த ரோட்ல ஆள் நடமாட்டம் இருக்கும். வண்டியை அங்க கொண்டுபோய்ப் போடலாம்.”

“வரும் அபி.”

பெரியவர் எழுந்தார். வெறுங்காலோடு ஜீவிதா அருகே வந்து, அவள் தலைமீது கை வைத்தார். கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஏதோ சொன்னார். உமர் அதை மொழிபெயர்க்கவில்லை. அவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். துரை காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். பெரியவர் ஏறி, பின் ஸீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஜீவிதாவின் போனில் ஷ்யாம்சுந்தர்: ‘நிகிலிடம் சொல்லிவிட்டேன். உட்கார்ந்து அழுதுவிட்டார். நீ சாதித்துவிட்டாய்.’

ஆபேலுக்கு வேலை. ஆபேல் தூங்குவான். கார்க் கதவில் கை வைத்தவள், உமர் பக்கம் திரும்பினாள்.

“ரொம்ப தேங்க்ஸ் உமர். இவ்வளவு பெரிய முதலாளி, ஒரு மூடின கம்பெனி ஆளுங்களுக்காகக் கண்ணு கலங்கறார் பாரு. இப்படி ஒருத்தர் நம்ம ஊருக்கு வரக் குடுத்து வெச்சிருக்கணும்.”

உமர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினான்.

“மொதலாளியா? யாருக்கா, இவரா?”

“பின்னே?”

“உனக்குத் தெரியாதா? நீங்கதானேக்கா மாலை போட்டு கூட்டிகினு வந்தீங்க. நேத்துலேர்ந்து இந்த ஊரே தன்னை எதுக்கு இப்பிடிக் கும்புடுதுன்னு அவருக்கே புரியலன்னாரு.” உமர் காரைப் பார்த்து, குரலை இறக்கிக்கொண்டான். “அவரு மொதலாளி இல்லக்கா. அங்க அந்தக் கம்பெனில வேலை செய்யற ஒர்க்கரு. யூனியன் தலைவரு. அந்த ஊர் ஃபேக்டரியை மூடிட்டுதான் இங்க தொறக்கறாங்க. அத்தினி ஆளுங்களுக்கும் சேத்து, மூடிக்கோங்கன்னு இவருதான் கையெழுத்து போடணும். ரெண்டு வருஷமா மாட்டேன்னு நின்னுகினு இருந்தாராம். கடைசியா, கம்பெனி மூடின ஊரு எதுனா ஒண்ணு பாக்கறேன், அங்க ஜனங்க நல்லா இருந்தா போடறேன்னு வந்தாராம். நல்லா கீறாங்கன்னு நீ சொன்னியே… அத்த கேட்டுட்டுத்தான் இப்ப போடப் போறாரு.”